லட்சத்துக்கு 17 அணுக்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், "சோதனைக்கூடத்தில் 31 வருடம் என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். "ஒரு கலவையில் இருக்கும் கரிமச் சேர்மங்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கார்பன்-13க்கும் கார்பன்-12க்கும் உள்ள விகிதத்தைத் தனித்தனியாக அளந்துகொண்டிருந்தேன்" என்று இரண்டே வரியில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். (இரண்டும் கார்பன்தான், 13 சற்றுக் கனம், 12 லேசு. இப்படி நிறை மட்டும் மாறும் வகைகளுக்கு ஐசோடோப்பு என்று பெயர்.) அந்த இரண்டு வரி வினையாகப் போயிற்று. ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தை அனுப்பி, "நீங்களே இழுத்த தேர், நீங்களே நிலைக்குக் கொண்டுவந்து விடுங்கள்" என்கிறார். இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்கள்தான்.

அம்மா, எதற்காகத் தனித்தனியாக அளக்க வேண்டும்? மொத்தமாக எரித்து ஒரே தடவையில் அளந்தால் வேலை மிச்சம் அல்லவா?
– வேதியியல் இளங்கலை மாணவி

மிச்சம்தான் மகளே. ஆரம்பத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். காய்ந்த பொடியில் சிறிது எடுத்து, தகரத் தாளில் பொட்டலம் கட்டி உலையில் போட்டால் சில நிமிடங்களில் ஓர் எண் வந்துவிடும். முதல் ஆறு வருடம் நான் பொட்டலம் கட்டியே கழித்தேன்.

ஒரு நாள் ஏரி அடியில் எடுத்த சேறு வந்தது. மைனஸ் 22 என்று எண் வந்தது. (மைனஸ் ஏன் என்பதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.) மரங்களும் பெரும்பாலான செடிகளும் சராசரியாக மைனஸ் 27க்குப் பக்கத்தில் இருக்கும். வெப்பமண்டலப் புற்கள், மக்காச்சோளம், கரும்பு ஆகியவை வேறு வழியில் ஒளிச்சேர்க்கை செய்பவை. அவை மைனஸ் 12க்குப் பக்கத்தில். அப்படியானால் என் மைனஸ் 22க்கு என்ன பொருள்? மூன்றில் இரண்டு பங்கு மரமும் ஒரு பங்கு புல்லும் கலந்தால் கணக்கு மைனஸ் 22தான். மரமும் புல்லும் கிட்டவே இல்லாமல் ஏரியில் மிதந்த பாசி மட்டும் செத்து அடியில் படிந்தாலும் மைனஸ் 22 வரலாம். இரண்டும் அடியோடு வேறு கதைகள். எண் ஒன்றேதான்.

பத்துப் பேர் எழுதிய கடிதங்களைத் தண்ணீரில் கரைத்து, கிடைத்த மசியின் நிறத்தை வைத்து யார் என்ன எழுதினார்கள் என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? மொத்தமாக எரிப்பது அந்தக் கதைதான்.

அதே சேற்றிலிருந்து இலை மெழுகை மட்டும் பிரித்து எடுத்தால் நிலைமை மாறும். நிலத்துத் தாவரங்களின் இலைமேல் உள்ள மெழுகில் 27, 29, 31 கார்பன் நீளமுள்ள ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் உண்டு. ஒற்றைப்படை நீளங்கள்தான் அதிகம். பாசி இவ்வளவு நீளச் சங்கிலியைப் பொதுவாகச் செய்யாது. 29 கார்பன் சங்கிலியை மட்டும் அளந்தால் பாசியின் குரல் அடங்கி, நிலத்துச் செடி மட்டும் பேசும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே இலைக்குள்ளேயே எல்லாச் சேர்மங்களும் ஒரே எண்ணைக் காட்டாது. சர்க்கரையை உடைத்துக் கொழுப்புக்கான மூலப்பொருளைச் செய்யும் நொதி, கார்பன்-12 உள்ள மூலக்கூறுகளைச் சற்று வேகமாகக் கையாளும். அதனால் மெழுகும் கொழுப்பும் அதே இலையின் சர்க்கரையைவிடப் பல பெர்மில் (ஆயிரத்தில் ஒரு பங்கு) லேசாக, அதாவது கார்பன்-13 குறைவாக இருக்கும். மொத்தமாக எரித்தால் இந்த வித்தியாசமும் உலையோடு போய்விடும். நான் பொட்டலம் கட்டுவதை விட்டது அந்தச் சேற்றுக்குப் பிறகுதான்.

ஒரு விகிதம் எப்படி மைனஸில் வரும்? என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், விழித்துவிட்டேன்.
– பள்ளி ஆசிரியர்

அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு சபாஷ்.

விகிதம் மைனஸில் வராது. நாங்கள் எழுதுவது விகிதத்தை அல்ல, ஒரு பொது அளவுகோலிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை. அந்த விலகலை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சொல்வோம். அதுதான் பெர்மில். டெல்டா மதிப்பு என்று பெயர்.

கார்பனுக்கு அளவுகோலாக இருந்தது அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், பீடீ என்ற பாறை அடுக்கில் கிடைத்த ஒரு புதைபடிவம். பெலம்னைட் என்ற, கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிரின் சுண்ணாம்புக் கூடு. டைனோசர் காலத்தது. ஆய்வாளர்கள் சுரண்டிச் சுரண்டியே அந்த மாதிரி தீர்ந்துவிட்டது. பிறகு வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை வேறு பொருள்களைக் கொண்டு அதே அளவுகோலை நிலைநிறுத்தியது. இன்று அதற்கு வியன்னா பீடீ பெலம்னைட் என்று பெயர். இல்லாத ஒரு கல்லோடுதான் உலகம் முழுக்க ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்!

பையனுக்கு இப்படிச் சொல்லுங்கள். அந்தக் கல்லில் 1 லட்சம் கார்பன்-12 அணுக்களுக்குச் சுமார் 1,118 கார்பன்-13 அணுக்கள். மைனஸ் 27 உள்ள மர இலையில் 1,088. மைனஸ் 12 உள்ள புல்லில் 1,105. மரத்துக்கும் புல்லுக்கும் இடையே லட்சத்துக்கு 17 அணுதான் வித்தியாசம். ஒரு பெர்மில் என்பது லட்சத்தில் ஓர் அணுவுக்குச் சற்று மேல். தனிச் சேர்மத்தில் நல்ல நாளில் நாங்கள் 0.3 பெர்மில் வரை நிச்சயமாகச் சொல்வோம். அதாவது 10 லட்சத்தில் மூன்று, நான்கு அணு. மோசமான நாள்களும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கடல் சுண்ணாம்பைவிடச் செடிகொடிகளில் கார்பன்-13 குறைவு. அதனால்தான் உயிருள்ளவை, உயிரிலிருந்து வந்தவை பெரும்பாலும் மைனஸில் நிற்கின்றன. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. அவை மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டவையா, வானத்திலிருந்தே வந்தவையா என்று பெரிய வழக்கு. ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் பிரித்து அளந்தபோது பல பிளஸ்ஸில் நின்றன. பூமியின் உயிர்கள் அப்படிச் செய்வதில்லை.

இது கதிரியக்கமா? அளந்தவர்களுக்கு ஆபத்து இல்லையா?
– ஓய்வுபெற்ற அலுவலர்

இல்லை. கதிரியக்கம் உள்ளது கார்பன்-14. கார்பன்-13 நிலையானது, உங்கள் உடலிலும் இருக்கிறது. எனக்கு வந்த ஆபத்தெல்லாம் உலைக் குழாயைத் தொட்டுச் சுட்டுக்கொண்டதுதான்.

கருவி எப்படி வேலை செய்கிறது? சுருக்கமாக வேண்டாம், விவரமாக.
– கருவியியல் பொறியாளர்

கேட்டுவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

நிறையை அளக்கும் கருவி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், எங்கள் வாயில் மாஸ் ஸ்பெக்) பழையது. ஆல்ஃபிரட் நியர் 1940களில் அமைத்த கருவியின் வாரிசுதான் இன்றும் ஓடுகிறது. இரண்டு நிறைகளை ஒரே நேரத்தில், இரண்டு கிண்ணங்களில் வாங்குவது அவருடைய யோசனை. வாயுவை அயனியாக்கும் மூலத்தில் ஏதாவது சின்ன ஆட்டம் வந்தால் இரண்டு கிண்ணமும் சேர்ந்தே ஆடும், விகிதம் ஆடாது. ஆனால் அதற்குச் சுத்தமான ஒற்றை வாயு வேண்டும். கலவையைப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராஃப் என்ற ஜி.சி. தனியே வளர்ந்தது. இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தவர்களில் முக்கியமானவர்கள் டுவைட் மேத்யூஸும் ஜான் ஹேய்ஸும். 1978இல் அவர்கள் எழுதிய கட்டுரைதான் எங்கள் தொழிலின் பிள்ளையார் சுழி. கடையில் வாங்கக்கூடிய கருவியாக அது வர மேலும் பத்து வருடம் ஆயிற்று.

நடப்பது இதுதான். கரைசலில் ஒரு மைக்ரோலிட்டரை ஊசியால் ஜி.சி.க்குள் செலுத்துவோம். மயிரிழை போன்ற 30 அல்லது 60 மீட்டர் நீளக் குழாய் அடுப்புக்குள் சுருண்டு கிடக்கும். ஹீலியம் தள்ள, சேர்மங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். சாதாரண ஜி.சி.யில் அத்தோடு கதை முடிந்தது. எங்களுக்கு அங்கேதான் ஆரம்பம். வெளிவந்த ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் துளையுள்ள பீங்கான் குழாய்க்குள் போகும். உள்ளே தாமிரம், நிக்கல், பிளாட்டினம் கம்பிகள். வெப்பம் 950 டிகிரிக்கு முன்னே பின்னே. சேர்மம் எதுவாக இருந்தாலும் அங்கே எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆகும்.

நீராவியை விடாமல் வெளியேற்ற வேண்டும். நாஃபியான் என்ற சவ்வுக் குழாய் நீரை மட்டும் வெளியே கசிய விடும். அது கெட்டுப்போனால் நீர் மாஸ் ஸ்பெக்குக்குள் போய், நிறை 44 உள்ள கார்பன் டை ஆக்சைடோடு ஒரு ஹைட்ரஜனை ஒட்டிவிடும். நிறை 45 ஆகிவிடும். கருவி அதைக் கார்பன்-13 என்றே எண்ணும். அப்பாவி!

கடைசியில் மூன்று கிண்ணங்கள்: 44, 45, 46. 45இல் வரும் மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் அதன் மின்தடை 44க்கு உள்ளதைவிட 100 மடங்கு பெரியது. 46 எதற்கு? கார்பன்-12 உள்ள மூலக்கூறிலும் ஆக்சிஜன்-17 இருந்தால் நிறை 45தான். அந்தக் கள்ள 45ஐ, 46இல் உள்ள ஆக்சிஜன்-18ஐப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஜி.சி. குழாயில் கார்பன்-13 உள்ள மூலக்கூறுகள் கார்பன்-12 உள்ளவற்றைவிட ஒரு நொடியின் சிறு பங்கு முன்னால் வந்துவிடும். கனமானது முந்துமா என்று கேட்காதீர்கள், முந்துகிறது. குழாயின் உட்பூச்சோடு அது சற்றுக் குறைவாகவே ஒட்டுகிறது. ஒரு சேர்மம் வரும்போது திரையில் எழும் மேட்டைத்தான் பீக் என்போம். அதனால் ஒரு பீக்கின் முன்பக்கம் கனம், பின்பக்கம் லேசு. திரையில் 45க்கும் 44க்கும் உள்ள விகிதம் முதலில் மேலே போய், பிறகு கீழே இறங்கி, பாம்பு நெளிவதுபோல் இருக்கும். முழு பீக்கையும் ஓர் அணுவிடாமல் கூட்டினால்தான் சரியான எண். வாலை நறுக்கினால் லேசானவை கழிந்து, எண் தவறாகக் கனத்துப் போகும்.

பொட்டலத்தை விட்டு ஜி.சி.க்கு வந்த இரண்டாம் வருடத்தில் நான் இதைச் செய்தேன். ஒரு ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் வகைச் சேர்மம்) பீக்கின் வால் நீண்டு, நீண்டு, அடிக்கோட்டில் கரைந்துகொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பீக் முடியும் கோட்டை முன்னாலேயே போட்டுவிட்டேன். 14 மாதிரிகள் ஒரே திசையில் 1 பெர்மிலுக்கு மேல் தப்பு. மூன்று மாதம் அதை வைத்து ஒரு கோட்பாடு வேறு கட்டினேன். என் மேலாளர் திட்டவே இல்லை. அச்சடித்த தாளில் அந்த வாலை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இது எங்கே?" என்று எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பக்கத்து பீக் இதன் மேல் ஏறினாலும் இதே தொல்லை, இரட்டிப்பாக. ஒருவனின் லேசான வாலும் அடுத்தவனின் கனமான முகமும் கலந்துவிடும். எங்கே கோடு போட்டாலும் இரண்டும் கெடும். அதனால் மாதிரியைச் சுத்தம் செய்யவே ஒரு வாரம் போகும், அளக்க ஒரு மணி நேரம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

கசிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணைப்புகளைச் சுற்றி ஆர்கான் வாயுவை மெல்ல ஊதிக்கொண்டே, திரையில் நிறை 40ஐப் பார்ப்போம். எந்த இணைப்பில் ஊதும்போது 40 துள்ளுகிறதோ அதுதான் கள்ளன். அந்தத் துள்ளலைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு எந்த ஆய்வுக் கட்டுரையும் தந்ததில்லை.

கொழுப்பு அமிலங்களை அளக்கிறேன். அதே மாதிரியை அளந்த நண்பரின் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் எப்போதும் 1 பெர்மில் வித்தியாசம். கருவி இரண்டும் சரி. பைத்தியம் பிடிக்கிறது.
– ஆராய்ச்சி மாணவர்

தம்பி, உங்கள் மெத்தனால் புட்டியை எடுத்துப் பாருங்கள்.

கொழுப்பு அமிலம் அப்படியே ஜி.சி.யில் ஒழுங்காகப் போகாது. மெத்தனாலோடு வினைபுரிய வைத்து மெத்தில் எஸ்டராக மாற்றித்தான் செலுத்துவோம். பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன். எஸ்டரில் 17. அந்தப் பதினேழாவது உங்கள் மாதிரியின் பிள்ளை அல்ல, புட்டியிலிருந்து வந்த வளர்ப்புப் பிள்ளை. அதைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

எஸ்டர் மைனஸ் 29 என்று வந்தது என்று வையுங்கள். மெத்தனால் மைனஸ் 45. 17 × 29 = 493. அதில் 45 போனால் 448. 16ஆல் வகுத்தால் 28. ஆக அமிலம் மைனஸ் 28. மெத்தனாலை அளக்காமல், அதுவும் மைனஸ் 29தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அமிலமும் மைனஸ் 29 என்று வரும். உங்கள் 1 பெர்மில் அங்கே உட்கார்ந்திருக்கலாம். மெத்தனால் எந்த மூலப்பொருளில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் எண் பெரிய அளவில் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு புட்டிகள்கூட ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு தொடர் அளவையின் நடுவே புட்டி தீர்ந்து புதிதைத் திறந்தேன் ஒருமுறை. தேதியைக் குறிக்கவில்லை. 40 மாதிரிகளில் எது பழைய புட்டி, எது புதுப் புட்டி என்று தெரியாமல் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து புட்டி கழுத்தில் நூல் கட்டி, அதில் எண் எழுதித் தொங்கவிடும் வழக்கம்.

சர்க்கரை, ஸ்டெரால் போன்றவற்றுக்கு சிலைல் தொகுதி சேர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ஒரு ஹைட்ராக்சிலுக்கு மூன்று வெளிக் கார்பன் வந்து உட்காரும். சர்க்கரையில் சொந்தக்காரனைவிட விருந்தாளி அதிகமாகிவிடுவான்.

இன்னொன்று. எண் தெரிந்த ஒரு கொழுப்பு அமிலத்தை உங்கள் மாதிரிகளோடு சேர்த்து, அதே புட்டி, அதே சூடு, அதே நேரம் என்று ஒன்றுபோல் நடத்தி அளக்கிறீர்களா? பக்கத்தில் உள்ள, ஒப்பீட்டுக்கான வாயு உருளையோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. உருளை வாயு எஸ்டராகவில்லை, ஜி.சி.யில் போகவில்லை, உலையில் எரியவில்லை. பரீட்சையே எழுதாதவனோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டு என்ன பயன்?

விளையாட்டு வீரரின் உடலில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் அவருடையதா, ஊசியில் ஏற்றியதா என்று சொல்லிவிடலாமாமே? இரண்டும் ஒரே மூலக்கூறு அல்லவா?
– விளையாட்டு ரசிகர்

ஒரே மூலக்கூறுதான். வேதியியல் பரிசோதனை எதுவும் இரண்டையும் பிரிக்காது. பிறந்த வீடுதான் வேறு.

மருந்துத் தொழிற்சாலையில் செய்யும் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பெரும்பாலும் மூலப்பொருள் சோயா போன்ற செடிகளின் ஸ்டெரால்கள். அவை மரங்களின் கட்சி. அதனால் மருந்து மைனஸ் 28க்குப் பக்கத்தில் நிற்கும். உடம்பு தானே செய்வது நாம் சாப்பிடும் எல்லாவற்றின் கலவையிலிருந்து. மக்காச்சோளம், கரும்புச் சர்க்கரை, அவற்றைத் தின்ற விலங்கு என்று எல்லாம் சேர்வதால் அது பொதுவாகச் சற்றுக் கனம்.

ஆளுக்கு ஆள் உணவு மாறுமே என்று கேட்பீர்கள். அதனால்தான் ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதே இல்லை. அவருடைய சிறுநீரிலேயே, ஊசியால் பாதிக்கப்படாத வேறு ஒரு ஸ்டீராய்டை எடுத்துக்கொள்வார்கள். பிரெக்னேன்டையால் அப்படி ஒன்று. அதுவும் டெஸ்டோஸ்டிரோனின் சிதைவுப் பொருள்களும் ஒரே சமையலில் வந்திருந்தால் எண்கள் அருகருகே இருக்கும். 3 பெர்மில் அளவுக்கு விலகினால் கேள்வி எழும்.

2006 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வென்ற ஃப்ளாய்ட் லாண்டிஸின் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். 2007இல் தீர்ப்பு சொன்ன நடுவர் குழு, முதல்கட்டச் சோதனையை நடைமுறைப் பிழைகளுக்காக ஏற்கவில்லை. கார்பன் ஐசோடோப்பு அளவையை ஏற்றது, பட்டம் போயிற்று. விசாரணையில் பீக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தனவா, அடிக்கோடு எங்கே போடப்பட்டது என்றெல்லாம் வக்கீல்கள் வாதிட்டபோது எனக்குச் சிவப்பு மை வட்டம் கண்முன் வந்தது.

எண்ணை ஏமாற்ற முடியாதா என்றால், முடியும். உடம்பின் எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் மருந்துகளும் உண்டு. அதனால் இந்தச் சோதனை "ஊசி ஏற்றியிருக்கிறார்" என்று சொன்னால் அதற்கு எடை உண்டு. எதுவும் சொல்லாவிட்டால், "ஏற்றவில்லை" என்று பொருள் கொள்ளக் கூடாது.

உடைந்த பானை ஓட்டில் பால் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஆயிரக்கணக்கான வருடப் பால் எங்கே இருக்கும்?
– தொல்லியல் ஆர்வலர்

பால் இருக்காது, அதன் கொழுப்பு இருக்கும். மெருகிடாத மண்பாண்டத்தின் நுண்துளைகளில் கொழுப்பு ஊறிப் பதுங்கிவிடும். ஓட்டின் மேல்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளே இரண்டு கிராம் பொடி எடுத்தால் போதும்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் குழு கண்டது அழகான விஷயம். அசைபோடும் விலங்கின் மடி, 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலத்தைத் தானே செய்துகொள்ளும். 18 கார்பன் ஸ்டீரிக் அமிலத்தை அதனால் செய்ய முடியாது. இரத்தத்திலிருந்து வாங்கும். அதில் ஒரு பங்கு, தின்ற புல்லின் கொழுப்பே இரைப்பை நுண்ணுயிரிகளின் கையில் மாறி வந்தது. நான் முன்பே சொன்னேன், செடியில் கொழுப்பு லேசு. ஆக, பாலில் 18 கார்பன் அமிலம் 16 கார்பன் அமிலத்தைவிட லேசாக இருக்கும், 3 பெர்மிலுக்கும் மேல். அதே மாட்டின் உடல் கொழுப்பில் அந்த வித்தியாசம் குறைவு. பன்றிக் கொழுப்பில் இன்னும் குறைவு.

இங்கே பாருங்கள், மாடு எந்த ஊரில் எந்தப் புல்லைத் தின்றிருந்தாலும் இரண்டு எண்ணும் சேர்ந்தே நகரும், இடைவெளி பெரிதாக மாறாது. தனித்தனியாக அளந்ததன் பலன் இதுதான். 2008இல் அவர்கள் 2,200க்கும் மேற்பட்ட பானைகளை ஆராய்ந்து, கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே மேற்காசியாவில் பால் பயன்பட்டதை நிறுவினார்கள். 2012இல் லிபியாவின் டக்கர்கோரி பாறைக் குகைப் பானைகளில் கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டுப் பால் கொழுப்பு. சகாரா அன்றைக்குப் புல்வெளி.

எங்கள் ஆலை வளாகத்தின் நிலத்தடி நீரில் டிரைகுளோரோஎத்திலீன் கலந்திருக்கிறது. "பாக்டீரியா தின்று பாதியாகிவிட்டது" என்கிறார் ஆலோசகர். நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத மேற்பார்வையாளர்

செறிவு பாதியானதை மட்டும் வைத்துச் சொல்கிறார் என்றால், நம்பாதீர்கள். மழை பெய்து நீர் கலந்தாலும் பாதியாகும். மண்ணில் ஒட்டிக்கொண்டாலும் பாதியாகும். விஷம் எங்கும் போகவில்லை, பரவியிருக்கிறது.

ஐசோடோப்பு எண்ணைக் கேளுங்கள். நீர் கலந்தால் எண் மாறாது. மண்ணில் ஒட்டுவதாலும் பெரிதாக மாறாது. பாக்டீரியா பிணைப்பை உடைத்தால் மாறும், ஏனென்றால் கார்பன்-12 உள்ள பிணைப்பு சற்று எளிதாக உடைகிறது. லேசானவை முதலில் தீர, மிஞ்சியவை கனத்துக்கொண்டே போகும். கணக்கு ராலேயின் சமன்பாடு. உடையும் வினையின் பிரிப்பு அளவு (லேசானதை அது எவ்வளவு முந்தி உடைக்கிறது என்பது) 5 பெர்மில் என்று வையுங்கள். உண்மையிலேயே பாதி தின்னப்பட்டிருந்தால் மிஞ்சியது சுமார் 3.5 பெர்மில் கனத்திருக்கும். கால் பங்கே மிச்சம் என்றால் 7. பத்தில் ஒன்று என்றால் 11.5. எண் அசையவே இல்லை என்றால் பாக்டீரியா விரதம் இருக்கிறது என்று பொருள்.

அந்த 5 என்பது நான் வைத்துக்கொண்டது. உண்மையில் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா அது வெகுவாக மாறும். அதனால் ஒரே எண்ணை வைத்து "63 சதவீதம் தீர்ந்தது" என்று யாராவது அறிக்கை கொடுத்தால், பிரிப்பு அளவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

பிள்ளைகளையும் அளக்கச் சொல்லுங்கள். டிரைகுளோரோஎத்திலீன் உடைந்தால் டைகுளோரோஎத்திலீன் வரும், பிறகு வினைல் குளோரைடு, கடைசியில் எத்திலீன். பிள்ளை முதலில் தாயைவிட லேசாகப் பிறந்து, அதுவும் உடையத் தொடங்கியதும் கனக்கும். வினைல் குளோரைடு தாயைவிடக் கொடியது. அது கனக்காமல் குவிந்துகொண்டே போனால், வேலை பாதியில் நின்றிருக்கிறது. கிணறுகள் இத்தனை இருந்தும் ஒரு கிணற்றில் மட்டும் எண் திடீரென்று பழைய இடத்துக்குத் திரும்பினால், புதிதாக எங்கோ ஒழுகுகிறது. ஆலோசகரைவிட உங்கள் குழாய்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கார்பன் மட்டும்தானா? ஹைட்ரஜன், நைட்ரஜன்?
– வாசகி

உண்டு, உண்டு. ஹைட்ரஜனில் கன அணு 6,400க்கு ஒன்றுதான். 1,400 டிகிரிக்கு மேல் சுட்டு ஹைட்ரஜன் வாயுவாக்குவோம். மூலத்துக்குள் மூன்று ஹைட்ரஜன் ஒட்டி நிறை 3 ஆகி, டியூட்டீரியம் வேஷம் போடும். தினமும் காலையில் அந்த வேஷத்தை அளந்து கழித்துவிட்டுத்தான் மற்ற வேலை. அந்தத் தொல்லைக்குப் பலன், இலை மெழுகில் பழைய மழையின் சுவடு.

நைட்ரஜனில் எனக்குப் பிடித்தது அமினோ அமிலங்கள். உண்ணும் ஒவ்வொரு படியிலும் குளுட்டாமிக் அமிலம் 8 பெர்மில் அளவுக்குக் கனக்கும், ஃபினைல்அலனின் அரை பெர்மில்கூட நகராது. ஒன்று ஏணியில் ஏறுகிறது, மற்றது ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கடல் மீனில் முன்னது 22.2, பின்னது 3.6 என்று வந்தால், இடைவெளி 18.6. பாசியிலேயே இருக்கும் 3.4ஐக் கழித்து, ஒரு படிக்கு இடைவெளி கூடும் 7.6ஆல் வகுத்தால் 2. அதோடு பாசியின் படிக்காக 1 கூட்டினால் 3. பாசியைத் தின்றதைத் தின்ற மீன். அது எந்தக் கடலில் வளர்ந்தது என்று தெரியாமலே சொல்லிவிடலாம்.

என்னிடம் ஒரு பழைய எண்ணெய் மாதிரி இருக்கிறது. உங்களுக்கு அனுப்பட்டுமா?
– பழம்பொருள் சேகரிப்பவர்

எனக்கு வேண்டாம், கருவி இப்போது என்னுடையது அல்ல. இவ்வகைக் கருவி உள்ள பல்கலைக்கழகக் கூடம் எதற்காவது அனுப்புவதாக இருந்தால், முதலில் கடிதம் எழுதி எது அளக்க வேண்டும் என்று கேளுங்கள். "எல்லாம்" என்று எழுதாதீர்கள், ஒருவரும் பதில் போட மாட்டார்கள். பிளாஸ்டிக் புட்டியில் மட்டும் வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கப் போடும் தாலேட்டுகள் எண்ணெயில் ஊறி, உங்களுக்கு வேண்டிய பீக்கின் மேலேயே வந்து உட்காரும். கண்ணாடிப் புட்டி, மூடிக்கு அடியில் அலுமினியத் தாள், இருட்டான குளிர்ந்த இடம். கையால் தொடாதீர்கள், விரலிலும் கொழுப்பு உண்டு. ஒரு பாதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை யாராவது வாலை நறுக்கிவிட்டால் திரும்ப அளக்க வேண்டியிருக்கும்.